எக்ஸ்-றே: எலும்பின் நிழல், இரும்பின் நிழல்

வன்னியில் பல வீடுகளில் காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், குடும்ப அட்டை என்பவற்றுடன் ஒரே பையில் ஒரு கறுப்புப் பிலிமும் இருப்பதுண்டு. அது தகப்பனுடைய காலின் படமாக இருக்கலாம். மகளுடைய தோளின் படமாக இருக்கலாம். அதில் எலும்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வெள்ளைப் புள்ளி தெரியும். அது செல் துண்டு.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வந்தவர்கள், 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று இடம் மாறி மாறிச் சென்றவர்கள் ஆகியோருள் பலர் இரும்பை உடலில் சுமந்தபடி இன்றும் வயல் செய்கிறார்கள். 2009 இன் முற்பகுதியில் தற்காலிக வைத்தியசாலைகளில் இரத்தத்தை நிறுத்தி உயிரைக் காப்பதே பெரிய வேலையாக இருந்தது. உள்ளே தங்கிய ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்க நேரமும் இருக்கவில்லை, வசதியும் இருக்கவில்லை. ஆகவே எக்ஸ்-றே என்பது எமது மக்களுக்குப் புதிய சொல் அல்ல.

ஆனாலும் அதைப் பற்றிய பயங்களும் கேள்விகளும் எம்மிடையே நிறைய உண்டு. எக்ஸ்-றே எடுத்தால் கதிர் உடம்பில் தங்கி நிற்குமா? பால் கொடுக்கும் தாய் எடுக்கலாமா? இரும்பு உள்ளே இருப்பவர் எடுத்தால் அது சூடாகுமா? ஒரு படத்தில் துண்டு தெரியாவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று எண்ணலாமா? இக்கேள்விகளுக்குச் சரியான விடை காண்பதற்கு, அணு என்னும் மிகச் சிறிய பொருளின் தன்மையை நாம் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அது கடினமான பாடம் அன்று. விளக்கும் நிழலும் எல்லாரும் அறிந்தவையே. அங்கிருந்து தொடங்குவோம்.

1. ஒரு சிறு பரிசோதனை

இரவில் றோர்ச் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். கொஞ்ச வெளிச்சம் தசையினூடாக வருகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் எலும்பு தெரிவதில்லை. ஏனெனில் சாதாரண ஒளி தசைக்குள் புகுந்ததும் அங்குமிங்கும் சிதறிவிடுகிறது. கலங்கிய குளத்து நீரில் அடி தெரியாததைப் போன்றது இது.

தசையைச் சிதறாமல் கடந்து, எலும்பில் மட்டும் பெரிதும் தடைப்படும் ஓர் ஒளி இருக்குமானால், சுவரில் கையின் நிழலுக்குப் பதிலாக எலும்பின் நிழல் விழும் அல்லவா? அப்படிப்பட்ட ஒளியே எக்ஸ் கதிர். எக்ஸ்-றே படம் என்பது ஒரு நிழற்படம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும்.

2. கண்டுபிடித்த விதம்

1895 நவம்பர் 8 ஆம் திகதி, ஜேர்மனியில் வூர்ஸ்பேர்க் நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயினுள் இருந்த காற்று பெரும்பாலும் அகற்றப்பட்டிருந்தது. அதனூடாக உயர் அழுத்த மின்சாரத்தைச் செலுத்தினார். குழாயைக் கறுப்பு மட்டையால் முற்றாக மூடி, அறையையும் இருளாக்கியிருந்தார். அப்படியிருந்தும் சற்றுத் தூரத்தில் இருந்த, பேரியம் கலந்த பூச்சுப் பூசிய திரை ஒன்று ஒளிர்ந்தது. மட்டையைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வருகிறது என்று அவர் உணர்ந்தார்.

அது என்னவென்று தெரியாதபடியால், கணக்கில் தெரியாத தொகைக்கு ஓர் எழுத்தை இடுவது போல எக்ஸ் என்று பெயரிட்டார். அந்த ஆண்டு டிசெம்பர் 22 இல் தமது மனைவியின் கையை அக்கதிரால் படம் பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. இக்கண்டுபிடிப்புக்காக 1901 இல் பௌதிகவியலுக்கான முதலாவது நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதனால் உலகின் எந்த மூலையில் உள்ள வைத்தியரும் அதைத் தடையின்றிப் பயன்படுத்த முடிந்தது.

குழாயினுள் ஓடியது என்ன என்பதை, இரண்டு ஆண்டுகள் கழித்து 1897 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் காட்டினார். அவை எதிர் மின்னேற்றம் கொண்ட மிகச் சிறு துணிக்கைகள். அவற்றையே நாம் இலத்திரன்கள் என்கிறோம். எக்ஸ் கதிர் ஒளியைப் போன்ற அலை என்பது 1912 இல் மக்ஸ் வொன் லோவேயின் ஆய்வினால் உறுதியாயிற்று.

3. அணுவுக்குள் என்ன இருக்கிறது?

மண், நீர், நெல், எலும்பு, இரும்பு எல்லாம் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் கரு இருக்கிறது. இதனை 1911 இல் ஏர்ணெஸ்ற் றதர்போர்ட் விளக்கினார். கருவில் நேர் மின்னேற்றமுள்ள புரோத்தன்களும், மின்னேற்றமில்லாத நியூத்திரன்களும் உள்ளன. கருவைச் சுற்றி இலத்திரன்கள் இருக்கின்றன. ஓர் இலத்திரனின் திணிவு ஒரு புரோத்தனின் திணிவில் ஏறக்குறைய 1,800 இல் ஒரு பங்கே.

அணுவின் பெரும்பகுதி வெளியாகவே உள்ளது. ஒரு கல்சிய அணுவின் கரு ஒரு பயறு அளவுக்குப் பெருத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பயறை ஒரு வயல்வெளியின் நடுவே வைத்தால், அந்த அணுவின் இலத்திரன்கள் எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய நூறு மீற்றர் வரை பரந்திருக்கும். எக்ஸ் கதிர் எம் உடலைக் கடந்து செல்லும்போது அதற்குத் தடையாக நிற்பவை பெரும்பாலும் இந்த இலத்திரன்களே.

ஒவ்வொரு மூலகத்துக்கும் அதன் கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை வேறுபடும். அதனை அணுவெண் என்கிறோம். ஐதரசனுக்கு 1, காபனுக்கு 6, நைதரசனுக்கு 7, ஒட்சிசனுக்கு 8, பொசுபரசுக்கு 15, கல்சியத்துக்கு 20, இரும்புக்கு 26, ஈயத்துக்கு 82. சாதாரண நிலையில் அணுவில் எத்தனை புரோத்தன்களோ அத்தனை இலத்திரன்கள் இருக்கும். இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அவை தேவைப்படும்.

இலத்திரன்கள் கருவைச் சுற்றிக் கண்டபடி நிற்பதில்லை. குளக்கட்டின் படிகளைப் போல அவற்றுக்குப் படிகள் உண்டு. கருவுக்கு அண்மையில் உள்ள படியில் நிற்பவை இறுக்கமாகப் பிணைக்கப்பட்டவை. வெளிப்படியில் நிற்பவை தளர்வாக உள்ளவை. இரண்டு படிகளுக்கு இடையில் ஓர் இலத்திரன் நிற்க இயலாது. உட்படியில் இடம் வெறுமையானால், மேற்படியிலிருந்து ஓர் இலத்திரன் அங்கே விழும். அப்போது படிகளுக்கு இடையிலான சக்தி ஒரு கதிராக வெளியேறும்.

அப்படி வெளியேறும் எக்ஸ் கதிரை அளந்தே, மூலகங்களுக்குரிய அணுவெண்களை 1913 இல் ஹென்றி மோஸ்லி என்னும் இளம் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் உறுதிப்படுத்தினார். அவர் 1915 இல், 27 வயதில், முதலாம் உலகப் போரில் கலிப்போலிக் களத்தில் துப்பாக்கிச் சன்னத்துக்கு இரையானார். போர் எதையெல்லாம் விழுங்குகிறது என்பதை நாம் யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை.

4. எக்ஸ் கதிர் உண்டாகும் விதம்

வைத்தியசாலை எக்ஸ்-றே இயந்திரத்தின் உள்ளே காற்று அகற்றப்பட்ட ஒரு குழாய் இருக்கிறது. அதன் ஒரு முனையில், மின்குமிழில் உள்ளது போன்ற மெல்லிய கம்பி உண்டு. மின்சாரத்தால் அது சூடேறும்போது, கொதிக்கும் பானையிலிருந்து ஆவி எழுவது போல இலத்திரன்கள் அதிலிருந்து வெளியேறுகின்றன. மறு முனையில் தங்குதன் என்னும் உலோகத் தட்டு உண்டு. இரண்டுக்கும் இடையே 40,000 தொடக்கம் 120,000 வோல்ற்று வரையான அழுத்தம் கொடுக்கப்படும். எமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்றுத்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு அழுத்தத்தால் இழுக்கப்படும் இலத்திரன்கள், ஒளியின் வேகத்தில் பாதியளவு வேகத்தோடு பாய்ந்து தங்குதன் தட்டில் மோதி நிற்கின்றன. வேகமாக ஓடிவந்த மாட்டுவண்டியைத் திடீரென நிறுத்தினால் வண்டியில் உள்ளவை தெறிக்கும். அதுபோல, இலத்திரன் திடீரெனத் தடுக்கப்படும்போது அதன் சக்தியில் ஒரு பகுதி எக்ஸ் கதிராகத் தெறிக்கிறது. சில இலத்திரன்கள் தங்குதன் அணுவின் உட்படியில் நிற்கும் இலத்திரனைத் தட்டி வெளியேற்றும். அங்கே மேற்படியிலிருந்து ஒன்று விழும்போதும் எக்ஸ் கதிர் பிறக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு சக்தியே எக்ஸ் கதிராகிறது. மிகுதி 99 பங்கும் வெப்பமாகப் போகிறது. அதனாலேதான் 3,400 பாகை செல்சியசுக்கு மேலேயே உருகும் தங்குதனைப் பயன்படுத்துகிறார்கள். பல இயந்திரங்களில் அத்தட்டு ஒரே இடத்தில் சூடாகாதபடி வேகமாகச் சுழலும். படம் எடுக்கும் முன் கேட்கும் ‘விர்’ என்ற சத்தம் அதனுடையதே. அச்சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இங்கே மிக முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். ஆளியை நிறுத்தினால் இலத்திரன் ஓட்டம் நிற்கும். இலத்திரன் ஓட்டம் நின்றால் கதிரும் நின்றுவிடும். லாம்பை அணைத்த பின் வெளிச்சம் அறையில் தேங்கி நிற்பதில்லை. அதேபோல எக்ஸ் கதிரும் உடம்பிலோ, உடுப்பிலோ, பாலிலோ, படுக்கையிலோ தேங்கி நிற்பதில்லை. எக்ஸ்-றே எடுத்த தாய் உடனேயே பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். படம் எடுத்தவர் அருகில் இருப்பதால் மற்றவருக்கு ஒன்றும் தொற்றாது.

உயர் அழுத்த மின்சாரம் வேண்டும் என்பதாலேயே யுத்த காலத்தில் எக்ஸ்-றே எடுப்பது எமக்கு அரிதாயிற்று. வன்னியில் பல ஆண்டுகள் மின்கம்பி வழியாக மின்சாரம் வரவில்லை. 1990களில் எரிபொருளும் கட்டுப்பாட்டுடனேயே உள்ளே அனுமதிக்கப்பட்டது. ஜெனறேற்றர் ஓடினால்தான் படம். 1996 இல் கிளிநொச்சி வைத்தியசாலையே இடம்பெயர்ந்து அக்கராயனில் இயங்க நேர்ந்தது. முதலாம் உலகப் போரில் மேரி கியூரி அம்மையார் இதே போன்ற சிக்கலைக் கண்டார். அவர் மோட்டார் வண்டிகளில் எக்ஸ்-றே கருவிகளை ஏற்றி, வண்டியின் இயந்திரத்தாலேயே மின்சாரம் உண்டாக்கி, போர்முனைக்கு அருகிலேயே காயப்பட்டவர்களைப் படம் பிடிக்க ஒழுங்கு செய்தார்.

5. எலும்பு வெள்ளை, நுரையீரல் கறுப்பு

பழைய முறைப் பிலிமில் வெள்ளிச் சேர்வை பூசப்பட்டிருக்கும். கதிர் பட்ட இடம் கறுக்கும். படாத இடம் வெளுப்பாக இருக்கும். இப்போது பல வைத்தியசாலைகளில் பிலிமுக்குப் பதிலாகக் கணினியில் படம் விழுகிறது. ஆயினும் கறுப்பு வெள்ளையின் பொருள் மாறவில்லை. வெள்ளை என்றால் அங்கே கதிர் தடுக்கப்பட்டது என்பதே பொருள்.

எமது தசையும் கொழுப்பும் இரத்தமும் பெரும்பாலும் ஐதரசன், காபன், நைதரசன், ஒட்சிசன் ஆகிய சிறிய அணுக்களால் ஆனவை. எலும்பில் கல்சியமும் பொசுபரசும் உண்டு. அணுவெண் கூடினால் கதிரைத் தடுக்கும் ஆற்றல் மிக விரைவாகக் கூடும். மென்மையான எக்ஸ் கதிர்களைப் பொறுத்தவரை, அணுவெண் இரண்டு மடங்கானால் தடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஆகவே ஒட்சிசனின் 8 க்கும் கல்சியத்தின் 20 க்கும் இடையிலுள்ள வேறுபாடு, படத்தில் சாம்பல் நிறத்துக்கும் வெள்ளைக்கும் இடையிலுள்ள வேறுபாடாகத் தெரிகிறது.

நுரையீரல் காற்றால் நிறைந்தது. அதில் கதிரைத் தடுக்கப் பொருள் குறைவு. ஆகையால் கறுப்பாகத் தெரியும். காசநோயாலோ நியூமோனியாவாலோ நுரையீரலின் ஒரு பகுதியில் நீரும் சளியும் நிறைந்தால், அவ்விடம் வெண்மையாகத் திட்டுப் பிடிக்கும். அத்திட்டு காசநோய்தானா என்பதைச் சளிப் பரிசோதனையே உறுதி செய்யும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் வைத்தியரிடம் போங்கள். காசநோய்க்கு அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக மருந்து கிடைக்கிறது.

6. செல் துண்டின் நிழல்

இரும்பின் அணுவெண் 26. அதோடு ஒரே அளவான நீரை விட இரும்பு ஏறக்குறைய எட்டு மடங்கு பாரமானது. சிறிய இடத்தில் பெருந்தொகையான இலத்திரன்கள் நெருங்கி நிற்கின்றன. எனவே செல் துண்டு எலும்பை விடவும் வெள்ளையாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும். எக்ஸ் கதிரால் அத்துண்டு சூடாகாது, அசையவும் மாட்டாது.

ஆனால் நிழல் என்பதற்கு ஒரு குறை உண்டு. மாட்டுக்கு முன்னால் நிற்கும் ஆளுக்கும் பின்னால் நிற்கும் ஆளுக்கும் சுவரில் நிழல் ஒரே இடத்தில் விழலாம். அதுபோல ஒரு படத்தை மட்டும் பார்த்து, துண்டு எலும்புக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. எனவேதான் நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு படம் எடுக்கிறார்கள். வீண் செலவு என்று எண்ண வேண்டாம்.

வேறொன்றும் உண்டு. மரச் சிராய், முள்ளு, பனஞ்சிராம்பு, பிளாத்திக்கு ஆகியவை தசையைப் போலவே சிறிய அணுக்களால் ஆனவை. அவை எக்ஸ்-றேயில் பெரும்பாலும் தெரியமாட்டா. படத்தில் ஒன்றும் இல்லையென்றாலும் காயம் ஆறாமல் சீழ் வடிந்தால் திரும்பவும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உள்ளே இருக்கும் எல்லாத் துண்டுகளையும் எடுக்க வேண்டுமா? இல்லை. நோவு தராமல் ஆழத்தில் தங்கிவிட்ட துண்டை எடுக்கப் போனால், நரம்பும் இரத்தக்குழாயும் சேதமடையக் கூடும். அதனாலேயே வைத்தியர்கள் சிலவற்றை அப்படியே விடுகிறார்கள். ஆனால் நோவு கூடினால், வீக்கம் கண்டால், விரல்கள் விறைத்தால், பெலம் குறைந்தால், உடனே காட்ட வேண்டும். மூட்டுக்குள் ஈயச் சன்னம் இருந்தால் ஈயம் மெல்லமெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கலாம். அதையும் வைத்தியர் அறிந்திருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. என்னும் பரிசோதனை வேறு வகையானது. அது எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவதில்லை. மிகப் பலமான காந்தத்தைப் பயன்படுத்துகிறது. காந்தம் இரும்பை இழுக்கும். ஆகவே உடலில், விசேடமாகக் கண்ணிலோ தலையிலோ முள்ளந்தண்டருகிலோ இரும்புத் துண்டு உள்ளவர்கள், அப்பரிசோதனைக்கு முன் அதனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்வோம் என்று இருந்துவிடாதீர்கள்.

7. கதிரினால் தீங்கு உண்டா?

உண்டு. அதன் அளவை அறிந்து நடப்பதே அறிவுடைமை. எக்ஸ் கதிர் உடலைக் கடக்கும்போது சில அணுக்களின் இலத்திரன்களைத் தட்டி வெளியேற்றும். அது கலங்களுக்குள் இருக்கும் பரம்பரைப் பொருளைச் சிறிது பழுதாக்கலாம். உடல் அப்பழுதைப் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும். மீண்டும் மீண்டும் பெருமளவு கதிர் பட்டால் திருத்த முடியாத பழுதுகள் சேர்ந்து, பல ஆண்டுகளின் பின் புற்றுநோயாக வரலாம். ஆரம்ப காலத்தில் இதை அறியாமல் வேலை செய்த பலர் பாதிக்கப்பட்டனர். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக எக்ஸ்-றே வேலை செய்த கிளாரன்ஸ் டாலி 1904 இல் அதனாலேயே இறந்தார்.

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே கதிர்கள் எம்மீது படுகின்றன. உலகச் சராசரிப்படி ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2.4 மில்லிசீவேட் அளவு இவ்வாறு கிடைக்கிறது. ஒரு மார்பு எக்ஸ்-றே 0.1 மில்லிசீவேட் அல்லது அதிலும் குறைவு. அதாவது இரண்டு கிழமையளவில் இயற்கை தருவதே அது. சி.ரி. ஸ்கான் என்பது உடலைச் சுற்றிப் பல எக்ஸ்-றே எடுப்பது. அதன் அளவு மார்பு எக்ஸ்-றேயைப் போலப் பல பத்து மடங்கு. தேவையானபோது அதுவும் உயிரைக் காக்கும். ஆனால் வைத்தியர் தேவையில்லை என்று சொன்னால் வற்புறுத்திக் கேட்க வேண்டாம்.

வளரும் கலங்களே கதிரால் எளிதில் பாதிக்கப்படும். ஆகவே வயிற்றில் வளரும் சிசுவுக்கே கூடிய கவனம் வேண்டும்.

8. நாம் செய்ய வேண்டியவை

- கர்ப்பிணியாக இருந்தாலும், மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தாலும், படம் எடுக்குமுன் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மிகவும் அவசியமானால் ஈய அங்கியால் வயிற்றை மூடியோ வேறு முறையிலோ பரிசோதிப்பார்கள்.
- சங்கிலி, தாயத்து, ஊசி, நாணயம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். அவற்றின் நிழலும் விழுந்து நோயை மறைக்கும்.
- படம் எடுக்கும்போது அசையாதீர்கள். அசைந்தால் நிழல் கலங்கும். மீண்டும் எடுக்க வேண்டிவரும்.
- துணைக்கு வந்தவர்கள் வெளியே நில்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்காகக் குறையும்.
- பழைய படங்களை வெயிலும் ஈரமும் படாமல், மடிக்காமல், உறுதிகளோடு சேர்த்து வையுங்கள். புதிய வைத்தியரிடம் போகும்போது கொண்டு செல்லுங்கள். துண்டு இடம் மாறியதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டே அறியலாம். திரும்ப எடுக்கும் தேவையும் குறையும்.
- படம் கைவசம் இல்லாதவர்கள், உடலில் எங்கே துண்டு இருக்கிறது, எந்த ஆண்டு பட்டது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

பல தடவை இடம்பெயர்ந்த எமக்கு வீடும், மாடும், விதைநெல்லும் கைவிட்டுப் போயின. சிலருக்குக் காணியும் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. உடல் ஒன்றே எல்லா இடத்துக்கும் கூடவே வந்த சொத்து. அதனுள் என்ன இருக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது எமது உரிமை. பயத்தால் படம் எடுக்காமல் விடுவதும் தவறு, காரணமின்றி மீண்டும் மீண்டும் எடுப்பதும் தவறு.

கூடிப் பேசுவதற்கு

1. எக்ஸ்-றே எடுத்தவரின் உடலில் கதிர் தங்குவதில்லை என்பதை லாம்பை உதாரணமாகக் காட்டி வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எப்படி விளக்குவீர்கள்?
2. இரும்புத் துண்டு தெரிகிறது, முள்ளுத் தெரிவதில்லை. ஏன்? அணுவெண்களைக் கொண்டு விடை கூறுங்கள்.
3. உங்கள் கிராமத்தில் உடலில் துண்டுகளோடு வாழ்பவர்களுள், படமோ குறிப்போ இல்லாதவர்கள் யார்? மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து அவர்களை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல என்ன ஒழுங்கு செய்யலாம்?